டார்ச்சைச் சாய்க்காதே, புகைப்பானைச் சாய்

போன தீபாவளிக்கு எடுத்த குடும்பப் படத்தில் எனக்கு இடது புருவம் கிடையாது. மனைவி கண்மையால் ஒன்று வரைந்துவிட்டாள். அது வலது புருவத்தைவிடக் கொஞ்சம் மேலே ஏறிப் போனதால், படத்தில் நான் எதையோ பார்த்து ஆச்சரியப்பட்டுக்கொண்டே நிற்கிறேன். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் தேன்பெட்டி வேலை என்றேன். தேனீ கொட்டினால் புருவம் கூடவா உதிரும் என்று கேட்டார் ஒரு அத்தை.

தேனீ ஒன்றும் செய்யவில்லை. தேனீக்களை அமைதிப்படுத்தப் புகை ஊதும் புகைப்பானைப் பற்றவைக்க வாங்கிய கேஸ் டார்ச் செய்த வேலை அது. அந்த ஒரு டார்ச்சில் நிற்காமல் நான்கைந்து டார்ச்சுகளைப் பிடித்துப் பார்த்துவிட்டேன். சிலது காசு கொடுத்து வாங்கியது, சிலது இரவல். பெட்டி சுடவும் புகைப்பான் மூட்டவும் டார்ச் தேடுகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். புருவமாவது மிஞ்சும்.

மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கம் மாமனார் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தென்னை நிற்கிறது. அதன் நிழலில் அடுக்குத் தேனீ என்கிற நாட்டுத் தேனீக்குப் பதினான்கு பெட்டிகள், வேலி ஓரமாக எட்டுக் கெலுலுட் கட்டைகள். கெலுலுட் என்றால் ஊரில் கொசுத்தேனீ என்பார்களே, கொடுக்கில்லாத அந்தச் சின்னக் கறுப்புத் தேனீ. வார நாளில் எனக்குப் பிறையில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை. தேனீ ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஏழு வருஷ அனுபவம் என்று சொல்லிக்கொள்வேன். ஞாயிறுகளை மட்டும் எண்ணினால் ஒரு வருஷம்.

அடுக்குத் தேனீக்கு ஒரு குணம் உண்டு. பிடிக்கவில்லை என்றால் சண்டைக்கு நிற்காமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடும். எறும்பு ஏறினால் போகும், தேன் குறைந்தால் போகும், நாம் அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்தாலும் போகும். அது போன இரண்டு மூன்று வாரத்தில் அந்தப் பெட்டிக்கு மெழுகு அந்துப்பூச்சி குடிவரும். முதல் தடவை அப்படி ஒரு பெட்டியைத் திறந்தபோது எனக்கு வயிற்றைப் புரட்டியது. அடை முழுவதும் சிலந்தி வலை மாதிரி நூல், நடுவே கறுப்பு மிளகு போல எச்சம், கொழுத்த சாம்பல் நிறப் புழுக்கள். எல்லாவற்றையும் வழித்துக் கொட்டிய பிறகு பார்த்தால், பலகையில் ஈச்சங்கொட்டை அளவுக்குப் படகு படகாகக் குழி. கூட்டுப்புழுவாக மாறுவதற்கு முன் அந்தப் புழு மரத்தையே கடித்துத் தனக்கு ஒரு தொட்டில் செய்துகொள்கிறது. முட்டைகளோ மூலை இடுக்கில், ஆணி ஓட்டையில், கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் போகாது. வெயிலில் காயவைக்கலாம் என்றால், நம் பினாங்கு வெயில் மூன்று மணிக்கு மழையாக மாறிவிடும்.

மார்த்தாண்டத்தில் தேனீ வளர்க்கிற சொந்தக்காரர் ஒருவர் போனில் சொன்ன வழி எளிது. காய்ந்த தென்னோலையைப் பந்தமாகச் சுருட்டிக் கொளுத்தி, பெட்டிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி எடு என்றார். செய்து பார்த்தேன். வேலை நடந்தது. ஆனால் ஓலை ஒரு பக்கம் குபீரென்று பிடிக்கும், மறுபக்கம் அணையும், சாம்பல் உள்ளே உதிரும். ஒரு பெட்டிக்குச் சரி. அந்த வருஷம் எனக்கு ஐந்து பெட்டி காலி.

அப்படித்தான் டார்ச் பக்கம் போனேன்.

முதலில் எடுத்தது மனைவியின் கேக் டார்ச். உள்ளங்கைக்குள் அடங்கும், லைட்டர் கேஸ் அடைத்துக்கொள்வது. தீ என் சுண்டு விரல் அகலம்கூட இல்லை. ஒரு பக்கப் பலகையை முடிப்பதற்குள் பிடி சுட்டுவிட்டது, கேஸும் தீர்ந்தது. திருப்பிக் கொடுத்தபோது அதில் மெழுகு வாடை வந்ததாகப் புகார் வேறு.

இரண்டாவதுதான் புருவம் எடுத்தது. இணையத்தில் வாங்கியது, கடைப் பெயர் வேண்டாம். கையடக்க அடுப்புக்குப் போடுவோமே, நீளமான கேஸ் டின், அதன் தலையில் மாட்டித் திருகினால் டார்ச் ஆகிவிடும் ஒரு பித்தளைத் தலை. விலை மலிவு. டின்னும் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கிறது. பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, டார்ச்சை நிமிர்த்திப் பிடித்து உள்ளே காட்டினேன். நீலத் தீ, சீரான சத்தம், பலகை அழகாகப் பழுத்தது. பத்து நிமிஷத்தில் ஒரு பெட்டி முடிந்தது. அடடா என்று நினைத்துக்கொண்டு, அதே சூட்டோடு புகைப்பானையும் இதிலேயே பற்றவைத்துவிடலாம் என்று திரும்பினேன்.

புகைப்பான் ஆளுயரப் பொருளா என்ன, ஒரு பால் டின் அளவு. தரையில் நிற்கிறது, வாய் மேலே பார்க்கிறது. அதற்குள் தீயைக் காட்ட டார்ச்சைக் கவிழ்த்தாக வேண்டும். கவிழ்த்தேன். நீலத் தீ ஒரு நொடி திக்கியது. அப்புறம் என் முழங்கை நீளத்துக்கு மஞ்சள் தீ பீறிட்டு, புகைப்பானின் அடியில் மோதி, நேராக என் முகத்துக்குத் திரும்பி வந்தது. முகவலையை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டிருந்தேன். அந்த நைலான் வலை சுருங்கிப் பொரித்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. கையிலிருந்ததைத் தூக்கி எறிந்தேன், அது புல்லில் கிடந்து எரிந்தது. மாமனார் ஓடி வந்து திருகை மூடினார். இத்தனைக்கும் நடுவில் தேனீக்கள் ஒன்றுமே நடக்காத மாதிரி போய் வந்துகொண்டிருந்தன.

பராமரிப்பு வேலை பார்க்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும், அதுதான் வெட்கம். டின்னுக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். அதன் மேல்தான் ஆவி நிற்கிறது. நிமிர்த்திப் பிடித்தால் ஆவி மட்டும் மேலே வந்து காற்றோடு கலந்து நீலமாக எரியும். கவிழ்த்தால் திரவமே முனைக்கு வந்துவிடும். வெளியே வந்த திரவம் அங்கேயே இருநூறு மடங்குக்கு மேல் விரிந்து ஆவியாகும். அத்தனைக்கும் காற்று போதாது, அதனால் மஞ்சள் தீ, கரி, பீறிடல். டார்ச்சில் கோளாறு எதுவும் இல்லை. எந்த வேலைக்கு வாங்குகிறேன் என்று நான் யோசிக்காததுதான் கோளாறு.

அந்த டின்னின் கழுத்து வளையத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அடுப்பில் மாட்டும்போது அது மேலே இருக்கும்படி மாட்டச் சொல்வார்கள். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. டின்னுக்குள் ஒரு சின்ன வளைந்த குழாய் அந்த வெட்டு இருக்கும் பக்கம் பார்த்து நிற்கிறது. டின் படுத்திருக்கும்போது வெட்டு மேலே இருந்தால் குழாயின் வாய் ஆவியில் இருக்கும். கீழே இருந்தால் திரவத்தில் முங்கிவிடும். டார்ச்சைப் படுக்கைவாட்டில் பிடிக்கிறவர்களுக்கும் இதே விதிதான். நான் இப்போது டின் மாட்டியதும் வெட்டு இருக்கும் பக்கம் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுகிறேன்.

புருவம் போன கதையைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் என் சித்தப்பா. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடைக்குப் பின்னால் பத்தராக நாற்பது வருஷம் உட்கார்ந்தவர். சிறுவனாக இருந்தபோது எண்ணெய் விளக்கின் சுடரை வாயால் ஊதுகுழல் வைத்து ஊதியே பற்றுவைத்தவர். அவரிடம் போய் எந்த டார்ச் நல்ல சூடு தரும் என்று கேட்டேன்.

“நீ தங்கம் உருக்கப் போறியா, மரம் வாட்டப் போறியா?” என்றார்.

“மரம்தான் சித்தப்பா.”

“அப்புறம் எதுக்குடா சூட்டைக் கேக்கறே? எல்லாத் தீயும் மரத்துக்கு அதிகம்தான். அகலத்தைக் கேளு.”

தன் டார்ச்சைப் பற்றவைத்துக் காட்டினார். தீயின் நடுவே கூராக ஒரு வெளிர்நீலக் கூம்பு, அதைச் சுற்றி மங்கலான இன்னொரு தீ. கூம்பின் நுனிக்குச் சற்று முன்னால்தான் உச்சச் சூடு, பத்தருக்கு வேண்டியது அந்தப் புள்ளி. எனக்கு வேண்டியது அதற்கு வெளியே இருக்கும் மங்கல் தீ, அதுவும் அகலமாக. ஊசி முனை டார்ச்சால் பெட்டி சுட்டால் கோடு கோடாகக் கரியும், கோடுகளுக்கு நடுவே முட்டை பிழைத்துக்கிடக்கும். பியூட்டேனும் புரோப்பேனும் காற்றில் எரியும்போது கிட்டத்தட்ட ஒரே சூடுதான், ஏறக்குறைய 1,900 டிகிரிக்கு மேல். மரத்துக்கு 300 டிகிரியே தாராளம். ஆக, கடைக்காரர் டப்பாவில் அச்சடித்திருக்கும் டிகிரிக் கணக்கைக் காட்டி விலை ஏற்றினால் நம்பாதீர்கள். வாயின் குறுக்களவைப் பாருங்கள். கட்டைவிரல் அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

பியூட்டேனா புரோப்பேனா என்பதும் நம் ஊரில் பெரிய விஷயம் இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் பியூட்டேன் வேண்டாம் என்று சொல்வது அவர்கள் குளிருக்காக. அது பூஜ்ஜியம் டிகிரிக்கு அருகில் வந்தால் ஆவியாக மறுக்கும். புரோப்பேனுக்கு அது மைனஸ் 42. பினாங்கில் விடியற்காலையில்கூட 24 டிகிரி. ஆனால் ஒன்று, தொடர்ந்து எரித்தால் டின் தானாகவே குளிர்ந்துபோகும். மூன்றாவது பெட்டியில் டின்னின் வெளிப்புறம் வியர்க்கும், தீ சோம்பும். பழுதென்று நினைத்து நான் திருகை முழுக்கத் திறந்திருக்கிறேன். டின்னை மாற்றி, குளிர்ந்ததைக் கொஞ்ச நேரம் நிழலில் சும்மா வைத்தால் போதும். வெந்நீரில் வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

சித்தப்பா அகலம் என்றதும் எனக்கு அடுத்த ஆசை வந்தது. கட்டட மொட்டைமாடியில் தார்ச்சீட் ஒட்டுகிறவர்கள் வைத்திருப்பார்களே, நீளக் குழாயும் பெரிய மணி வாயுமாக, அந்த டார்ச். பள்ளித் தோழன் ஒருவன் அந்த வேலைதான் செய்கிறான். அவனே லோரியில் டார்ச்சையும் 14 கிலோ சிலிண்டரையும் கொண்டுவந்து இறக்கினான். ஒரு தகவல்: இந்த டார்ச்சுக்கு உயர் அழுத்த ரெகுலேட்டர் தனி, வீட்டு அடுப்பு ரெகுலேட்டர் இதற்குப் போதாது, சரிப்படவும் செய்யாது.

தீ போட்டதும் ஜெட் கிளம்புகிற சத்தம். ஐந்து பெட்டியும் இருபது நிமிஷத்துக்குள் முடிந்தது. தோழன் ஒரு நல்ல யுக்தி காட்டினான். அடித்தட்டு இல்லாத நான்கு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, செங்கல் மேல் தூக்கிவைத்து, அடியிலிருந்து தீயைக் காட்டினால் சிம்னி மாதிரி இழுத்துக்கொண்டு உள்ளே முழுக்க ஒரே சீராகச் சுட்டுவிடுகிறது. முப்பது நாற்பது பெட்டி வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல வழி இருக்காது. எனக்கு அது ஈ அடிக்கப் பீரங்கி. நான் கையில் வாங்கிச் செய்த ஐந்தாவது பெட்டியில் ஒரு நொடி கூடப் பிடித்துவிட்டேன். மூலைப் பொருத்து விரிந்து, வெளிச்சம் தெரிந்தது. அது பரவாயில்லை. இடுக்கில் உருகி இறங்கிய மெழுகு உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மாமனார் போன் செய்தார், “மாப்பிள்ளை, உங்க பெட்டி ஒண்ணு தனியா தீமிதி நடத்துது.” நல்லவேளையாகக் கொட்டகைக்கு வெளியே வைத்திருந்தேன். பக்கத்தில் காய்ந்த லாலாங் புல் இருந்திருந்தால் கதை வேறு.

அன்றிலிருந்து பெட்டி சுடும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஈரச் சாக்கும் வைக்கிறேன். சுட்டு முடித்த பெட்டிகளைச் சிமெண்டுத் தரையில் தனித்தனியாகப் பரப்பி, அரை மணி கழித்து ஒவ்வொரு மூலையிலும் புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். புறங்கைக்குத்தான் சூடு சீக்கிரம் தெரியும்.

இடையில் ஏர்கோன் பழுது பார்க்கும் நண்பர் ஒருவர் தன் மஞ்சள் சிலிண்டர் டார்ச்சைத் தந்தார். செப்புக் குழாய் பற்றவைக்கிறவர்கள் மேப் கேஸ் என்று சொல்வது. பழைய மேப் கேஸ் தயாரிப்பு வட அமெரிக்காவில் 2008-லேயே நின்றுவிட்டது, இப்போது மஞ்சள் சிலிண்டரில் வருவது பெரும்பாலும் புரோப்பிலீன். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல கருவிதான். உள்ளே அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் இருப்பதால் சாய்த்தாலும் கவிழ்த்தாலும் தீ அசையவில்லை. ஆனால் சிலிண்டர் விலையைக் கேட்டதும் கனிவோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். தீயும் கூர்.

கடைசியில் வாங்கியது ஒரு ஹார்ட்வேர் கடையில், பழையபடி டின்னில் மாட்டும் தலைதான். வித்தியாசம் மூன்று. வாய் அகலம். கழுத்து ஒரு சாண் நீளம், அதனால் கை தீயிலிருந்து தள்ளி இருக்கும். மூன்றாவதுதான் முக்கியம்: கேஸ் போகும் குழாய் நேராக முனைக்குப் போகாமல், எரியும் வாயை ஒட்டி ஒரு வளையம் சுற்றிவிட்டு வருகிறது. வாயின் சூட்டில் அந்த வளையம் காய்ந்திருக்கும். திரவமே வந்தாலும் வழியிலேயே ஆவியாகிவிடும், பீறிடாது. கடையில் பெட்டி மேல் எத்தனை கோணத்திலும் பிடிக்கலாம் என்று படம் போட்டிருப்பார்கள். படத்தை நம்பாமல் வளையக் குழாய் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அதிலும் ஒரு சூட்சுமம். வளையம் காய்ந்தால்தானே வேலை செய்யும்? பற்றவைத்ததும் ஒன்றிரண்டு நிமிஷம் நிமிர்த்திப் பிடித்து எரியவிட வேண்டும். இந்த வரி கூடவே வரும் தாளில் எறும்பு எழுத்தில் இருக்கிறது.

விசை அழுத்தினால் பொறி விடும் வசதியை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை இங்கே அடிக்கிற மழையில், ஈரக் காற்றுக்கு அது டிக் டிக் என்று சும்மா சத்தம் போடும். வெல்டிங் ஆட்கள் வைத்திருக்கும் சிக்கிமுக்கிக் கிண்ணம் ஒன்று பையில் இருந்தால் கவலை இல்லை. விசையை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் எரியும் ரகமும் வேண்டாம். ஐந்து நிமிஷத்தில் விரல் மரத்துப்போகும். திருகித் திறந்துவிட்டால் தானாக எரிந்துகொண்டிருப்பதே பெட்டி வேலைக்குச் சரி.

இவ்வளவு தேடி வாங்கிய டார்ச்சோடு, வளையத்தைப் பற்றி விளக்கிக்கொண்டே புகைப்பானுக்கு முன்னால் குந்தினேன். மாமனார் கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம் புகைப்பானை எடுத்துச் செங்கல் மேல் படுக்கவைத்தார். வாய் இப்போது என்னைப் பார்த்தது. “இப்ப டார்ச்சை நிமித்திப் பிடிச்சே காட்டலாமே” என்றார்.

நான் எதுவும் பேசவில்லை. இப்போதும் அப்படித்தான் பற்றவைக்கிறேன். வளையம் வைத்த டார்ச் வீண் என்று சொல்ல மாட்டேன், கை மறந்து சாயும் நாள் வரும். ஆனால் மலிவு டார்ச் வைத்திருப்பவர் புதிது வாங்கப் பணம் சேரும்வரை புகைப்பானைப் படுக்கவைத்தால் போதும்.

புகைப்பானுக்கு டார்ச்சே தேவையா என்றால், வெயில் காலத்தில் தேவையில்லை. ஒரு தாள், ஒரு தீக்குச்சி. மழைக்காலத்தில் தேங்காய் மட்டைப் பஞ்சு ஈரம் இழுத்துக் கனத்துப்போகும், அப்போதுதான் டார்ச் அருமை தெரியும். பஞ்சை உதிர்த்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் லேசாகப் போடுவேன். பத்துப் பதினைந்து நொடி தீயைக் காட்டுவேன், துருத்தியை அப்போது தொடுவதில்லை. டார்ச்சை அணைத்துத் தள்ளி வைத்த பிறகுதான் மெல்ல ஊதுவேன். துருத்தியின் தோலில் தீ படாமல் பார்க்க வேண்டும், என்னுடையதில் ஏற்கெனவே ஒரு ஓட்டை, சைக்கிள் டியூப் ஒட்டு. பஞ்சு செக்கச் செவேலென்று கனன்றதும் மேலே இன்னும் திணித்து, கடைசியாக ஒரு பிடி பச்சைப் புல். புல் தீப்பொறியைத் தடுக்கும், புகையைக் குளிர்விக்கும். புகையை உள்ளங்கையில் ஊதிப் பார்ப்பேன், சுட்டால் தேனீக்கும் சுடும். அரிசிச் சாக்கைக் கிழித்துப் போடுவது ஊர்ப் பழக்கம். அது சணலாக இருந்த காலத்தில் சரி. இப்போது வருவதெல்லாம் பிளாஸ்டிக் நெசவு.

அடுக்குத் தேனீக்குப் புகையைக் கொஞ்சமாகவே காட்டுங்கள். இரண்டு ஊது, அவ்வளவுதான். புகை பட்டதும் தேனை வயிறு முட்டக் குடித்துவிட்டு அமைதியாகும். கொட்டச் சொல்லி மற்றத் தேனீயை உசுப்பும் வாடையையும் புகை மூடிவிடும். அந்த வாடை கிட்டத்தட்ட வாழைப்பழ வாசனை. மூடியைத் திறக்கும்போது வாழைப்பழம் மணந்தால் மூடிவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து வரலாம். புகை அதிகமானால் மூட்டை கட்டும் பழக்கம் தெரியும்தானே. கெலுலுட்டுக்குப் புகையே வேண்டாம். கெடாவில் பெடு பக்கம் துவாலாங் மரத்தில் மலைத்தேன் எடுப்பவர்கள் நிலவில்லா இரவில் ஏறி, கொடிவேர்ப் பந்தத்தைக் கிளையில் தட்டுவார்கள். பொறி மழையாகக் கீழே விழ, தேனீக்கள் அதைத் துரத்திக்கொண்டு இறங்கிவிடும். நூறு அடிக்கு மேலே அப்படி ஒரு வேலை. நான் செங்கல் மேல் புகைப்பானைப் படுக்கவைத்து மூட்டுகிறேன்.

பெட்டி சுடுவதில் பாதி வேலை தீ மூட்டுவதற்கு முன்பே முடிய வேண்டும். உளியால் மெழுகு, நூல், எச்சம் எல்லாவற்றையும் சுரண்டிவிட வேண்டும். சுரண்டாமல் தீ காட்டினால் மேல் அழுக்கு கருகும், அடியில் இருப்பது பத்திரமாக இருக்கும். அப்புறம் தேனீ அடை கட்டும் சட்டம் தொங்கும் விளிம்பு, மூலை, ஆணி ஓட்டை, இவற்றிலிருந்து தொடங்கி, நடுப்பலகைக்குக் கடைசியில் வருவேன். தீயைத் துணி இஸ்திரி போடுகிற வேகத்தில் நகர்த்த வேண்டும். முதலில் பலகை வியர்க்கும். அப்புறம் இழுத்துக்கொண்ட மெழுகு முத்து முத்தாகக் கொதித்து மேலே வரும். அது அடங்கியதும் மரம் தே தாரே என்கிற பால் தேநீர் நிறத்திலிருந்து கோப்பி நிறத்துக்குப் போகும். பால் இல்லாத கோப்பி ஓ வரைக்கும் விடக் கூடாது. இரண்டாவது நிறத்தில் நிறுத்தினால் பெட்டிக்குள் மெழுகும் புகையும் கலந்த ஒரு வாசனை தங்கும். கொஞ்சம் மெழுகு தேய்த்து மரத்தடியில் வைத்தால், புதுக் கூட்டம் தானாக வந்து குடியேற வாய்ப்பு உண்டு. கரியாக்கிய பெட்டியை என் தேனீக்கள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

கெலுலுட் பெட்டி சுடும்போது இருமடங்கு கவனம். அடுக்குத் தேனீ பிசின் சேர்ப்பதில்லை. கெலுலுட்டோ மரப்பிசினால்தான் வீடே கட்டும். மலாயில் டாமார் என்றால் பிசின், அந்தக் காலத்தில் அதை ஓலையில் சுற்றிப் பந்தம் கொளுத்தினார்கள், பந்தத்துக்கும் அதே பெயர். நம் வீட்டுக் குங்கிலியமும் அதே குடும்பத்துச் சரக்குதான். ஒரு விரற்கடைப் பிசின் மிஞ்சியிருந்தாலும் குபுக்கென்று பிடித்துக் கறுப்புப் புகை கக்கி, சொட்டு சொட்டாக எரிந்துகொண்டே கீழே விழும். வாசனை என்னவோ வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் மாதிரி. மாமியார் உள்ளேயிருந்து யார் சாம்பிராணி போடறது என்று கேட்டிருக்கிறார்.

சுடவே கூடாதவையும் உண்டு. சாயம் பூசிய பக்கம், பிளைவூட், போலிஸ்டைரீன் பெட்டி. துத்தநாகம் பூசிய தகரமூடியும் அப்படித்தான். அந்தப் புகையை இழுத்துவிட்டு ராத்திரி முழுக்கக் குளிரும் காய்ச்சலுமாகக் கிடந்த வெல்டர்களை எங்கள் தொழிற்சாலையிலேயே பார்த்திருக்கிறேன். சட்டங்களின் மெல்லிய மரம் தீக்குத் தாங்காது, அவற்றைச் சலவைச் சோடா போட்ட கொதிநீரில் முக்கி எடுக்கிறேன்.

நோயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டார்ச்சால் பெட்டி சுடும் வழக்கம் மேல்நாட்டில் வந்ததே அமெரிக்கப் புழு அழுகல் நோய்க்காக. அதன் வித்துகள் மரத்தில் முப்பது வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். செத்த தேனீப் புழுவில் தீக்குச்சியை விட்டு இழுத்தால் பழுப்பு நூலாக நீளும், கெட்ட வாடையும் வரும். அப்படிப் பார்த்தால் டார்ச்சைக் கீழே வையுங்கள். அடையும் சட்டமும் குழி வெட்டி எரித்துப் புதைக்க வேண்டியவை. பெட்டியைச் சுட்டுப் பயன்படுத்தலாமா என்பதை விஷயம் தெரிந்த அதிகாரி வந்து பார்த்துச் சொல்லட்டும். என் தோட்டத்தில் தீயால் நான் துரத்துவது அந்துப்பூச்சியையும் எறும்பையும் மட்டும்தான்.

டார்ச்சை வைக்கிற இடத்தால் இரண்டு தடவை ஏமாந்தேன். ஒருமுறை டின்னைக் காரின் பின்பெட்டியிலேயே மறந்துவிட்டேன். 50 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று டின்னிலேயே போட்டிருக்கிறது. வெயிலில் நிற்கும் காருக்குள் அதைத் தாண்டுவது பெரிய காரியம் இல்லை. அன்றைக்குத் தப்பித்தேன். இன்னொரு முறை டார்ச் திடீரென்று மஞ்சளாக எரிந்தது. டின் மாற்றினேன், திருகினேன், திட்டினேன். கடைசியில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், காற்று நுழையும் ஓட்டைகள் ஒவ்வொன்றிலும் வேட்டாளிக் குளவி மண்ணை அடைத்துக் கூடு கட்டியிருந்தது. குண்டூசியால் நோண்டி எடுத்தேன். இப்போது தலையைக் கழற்றி ஒரு சாக்ஸுக்குள் போட்டு முடிகிறேன், டின்னைத் தனியாக நிழலில் வைக்கிறேன். மாட்டும்போது உள்ளே ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பேன், சவர்க்காரத் தண்ணீர் ஒரு சொட்டுத் தடவி, குமிழ் வருகிறதா என்று கவனிப்பேன். கேஸ் காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். அதனால் கொட்டகைக்குள் பற்றவைப்பதில்லை.

இந்த வருஷம் தீபாவளிக்கு முதல் நாள் சாக்ஸைத் தேடினால் காணவில்லை. பின்கட்டில் மாமியார் குந்தியிருந்தார். முன்னால் தாம்பாளத்தில் நான்கு ஆட்டுக்கால். டார்ச்சை நேராக நிமிர்த்திக் கல் இடுக்கில் நிறுத்திவிட்டு, காலை ஒவ்வொன்றாக எடுத்துத் தீயில் திருப்பித் திருப்பி முடி வாட்டிக்கொண்டிருந்தார்.

“டின்னு தீர்ந்துபோச்சு மாப்பிள்ளை, வேற இருக்கா?” என்றார்.